மூச்சுச் சுவர்

நேரத்தையெல்லாம் நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. அந்த மெஷினே எழுதி வைத்திருக்கிறது. அதைக் காகிதத்தில் எடுத்து, மடித்து, அலமாரியில் என் புருஷனின் கைலிக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஜாவாவில் ஜோக்ஜா நகரத்துக்குத் தெற்கே, பந்துல் போகிற சாலையில் என் சோற்றுக் கடைக்கு வரட்டும். காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை திறந்திருக்கும். காட்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல். வெளியே துணி காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் தேங்காய்ப்பால் குழம்பை வைத்துவிட்டுத்தான் நான் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது குழம்பு அடிப்பிடித்துக் கருகியிருந்தது. மொத்தமே அவ்வளவு நேரம்தான்.

என் பெயர் பார்த்தினி. வயது அறுபத்தெட்டு. எனக்கு ஒரே மகள், பலுபி. அவளுக்கு முப்பத்து நான்கு. பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து அதில் கலை செய்கிறவள். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. பழைய சாமான் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கி வருவார்கள். கீபோர்டு, ஹார்டு டிஸ்க், கண் போன கேமரா, எது கிடைத்தாலும் சரி. எதையோ எதோடோ சேர்த்து ஒட்டுவார்கள். கிட்டே போனால் அது ஆடும், பாடும், நம்மை முறைக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். எனக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அதைச் செய்கிறவர்களுக்கு மத்தியானம் பயங்கரமாகப் பசிக்கும் என்பதுதான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு செங்கல் கொட்டகை இருக்கிறது. ஒரு காலத்தில் பாத்திக் துணிக்கு மெழுகு வைத்த இடம். அதில்தான் பலுபியும் ஜாலுவும் வேலை செய்வார்கள். ஜாலு வெல்டிங் பார்ப்பவன். நாற்பதைத் தாண்டியும் அவன் வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தை விட்டு வரவில்லை.

அந்த வருஷம் அவர்கள் கட்டியது ஒரு சுவர்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சூடு தணிக்க ஒரு சின்ன விசிறி சுற்றுமே, அதில் இருநூற்றுப் பதினாறு சேர்த்து இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் மாவு மூட்டையிலிருந்து உருவிய ஒரு வெள்ளை இழை. கொட்டகை முழுக்கக் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கி, ஒரே ஒரு நீல விளக்கு. பார்க்க வருகிறவர் நெஞ்சைச் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு எதிரே ஸ்டூலில் உட்கார வேண்டும். அவர் மூச்சை இழுத்தால் விசிறிகள் சுற்றும், இழைகள் எழும்பும். அவர் மூச்சை விட்டால் விசிறிகள் ஓயும், இழைகள் தொங்கும். ஓரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு மூச்சையும் மணி, நிமிஷம், நொடி போட்டு அது எழுதிக்கொண்டே போகும்.

முதலில் கட்டிப் பார்த்தது நான்தான்.

"எப்படி இருக்கு, இபு?" என்றாள் பலுபி. எங்கள் ஊரில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் வயதுக்கு மற்றவர்களும் அப்படித்தான்.

"இருட்டுல ஒரு பெரிய மாடு எதிரே படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

ஜாலு சிரித்தான். "அது மாடு இல்ல இபு. அது நீங்கதான்."

"வாய மூடு. நான் மூச்சு விட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் அது விடுது. கவனிச்சியா?"

"அரை செகண்டு லேட்டு. ரெண்டு வாரமா மண்டைய உடைச்சுக்கிட்டேன், சரியாகல. பழைய கம்ப்யூட்டர், வயசாயிடுச்சு. உங்கள மாதிரி."

"இன்னிக்கு உனக்கு முட்டை கிடையாது."

அந்த அரை நொடியை மறந்துவிடாதீர்கள். முதலில் நாம்... பிறகுதான் சுவர். அதுதான் முறை.

வேறு எத்தனையோ இருக்க, பலுபி ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். என் புருஷன், நான் மாஸ் என்று கூப்பிடும் வாகியோ, நோய்க் காலத்தில், இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூலையில் போனார். ஆக்ஸிஜன் உருளை தேடி பலுபி மோட்டார் சைக்கிளில் இரண்டு நாள் ஊரெல்லாம் சுற்றினாள். கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு சேர்த்தோம். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் பிளாஸ்டிக் சுற்றிய பெட்டியைத்தான் பார்த்தோம், அதுவும் தூரத்திலிருந்து.

எங்கள் ஜாவாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டே கிடந்தால், வீட்டில் யாரோ இன்னும் அவரை விடவில்லை என்று அர்த்தம். அந்த ஆள் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். 'நான் மனசார விட்டுட்டேன். நிம்மதியாப் போ.' கையைப் பிடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். யார் கையைப் பிடித்திருக்கிறோமோ அவருக்குத்தான் அந்தச் சொல் போய்ச் சேரும். நான் மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் அம்மா, என் மாமனார், என் அக்கா. மூன்று பேரும் நான் கையை எடுப்பதற்குள் போய்விட்டார்கள்.

மாஸ் வாகியோவுக்கு நான் சொல்லவில்லை. கை கிடைக்கவில்லை.

"நாம சொல்லலேன்னா பாபாக் போயிருக்க மாட்டாரு, இல்ல?" என்று பலுபி ஒருநாள் கேட்டாள். அப்பாவை அவள் பாபாக் என்பாள். "எங்கேயோ நடுவுல நின்னுக்கிட்டு இருப்பாரு. மூச்சு கிடைக்காம."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லவேளை.

இறந்தவர்களுக்கு எங்கள் பக்கம் ஆயிரமாவது நாள்தான் கடைசிச் சடங்கு. அவருக்கு அது ஏப்ரல் மாதம், பெருநாள் முடிந்த அடுத்த சனிக்கிழமை வைத்திருந்தோம். சுவரை ஊர் பார்க்கத் திறப்பது அதற்கு அடுத்த வாரம். அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் வந்த திங்கள், செவ்வாய், புதனைத்தான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை. காலை 9.10.

அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோனேன். பெல்ட் ஆணியில் தொங்கியது. விசிறிகள் ஓய்ந்திருந்தன. அப்போது சுவரில் ஒரு சத்தம்.

டொக்... டொக்... டொக்.

நின்றது. நான் தம்ளரைக் கீழே வைத்தேன். மறுபடி...

டொக்... டொக்... டொக்.

"என்ன அது?"

"கீழ் வரிசையில ஒரு ஃபேன்" என்றான் ஜாலு. "இறக்கை உடைஞ்சிருக்கும்."

"சுத்தாத ஃபேன் எப்படிடா தட்டும்? அதுவும் எண்ணி மூணு மூணா?"

அவன் தேநீரை ஊதினான்.

செவ்வாய்க்கிழமை. காலை 8.25.

பலுபி முந்தின நாள் சாப்பாட்டைத் தொடவே இல்லை. தட்டை எடுக்கத்தான் போனேன். கொட்டகைக்குள் விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. எழும்பியது, ஓய்ந்தது. எழும்பியது, ஓய்ந்தது. சரி, அவள் பெல்ட்டைக் கட்டி சோதிக்கிறாள் என்று நினைத்தேன். துணியை விலக்கினேன்.

அவள் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் பெல்ட் இல்லை.

"யாரு கட்டியிருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எப்படி ஓடுது? கரண்ட்டு கோளாறா?"

"பெல்ட்டப் பாருங்க இபு."

ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலியாக. கொக்கி போட்டபடி, ஒரு வளையமாக. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த ரப்பர் மெதுவாக விரிந்தது... மெதுவாகச் சுருங்கியது. உள்ளே ஒரு நெஞ்சு இருப்பது போல.

"எண்ணிப் பாருங்க" என்றாள். "நாலு சின்ன மூச்சு. அப்புறம் ஒரு பெரிசு. பாபாக் கடைசியா மோட்டார் சைக்கிள்ல என் முதுகுல சாஞ்சுக்கிட்டு இப்படித்தான் விட்டாரு. எனக்கு முதுகுல ஞாபகம் இருக்கு."

எண்ணினேன். நாலு சின்னது. ஒரு பெரியது.

அந்த நோயில் போனவர்கள் எத்தனையோ பேர் கடைசியில் அப்படித்தான் மூச்சு விட்டிருப்பார்கள். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்ற நான் விடவில்லை. அது அவராக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை.

அன்றெல்லாம் அவள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சாப்டியா?"

"அப்புறம்."

"நேத்தும் அப்புறம்தான் சொன்னே."

"அவருக்குத் துணையா மூச்சு விடுறேன் இபு. ரெண்டு பேரா விட்டா அவருக்கு லேசா இருக்கு."

ஜாலு வாசலில் நின்று பார்த்தான். "பலுபி, போய்ச் சாப்பிடு. இங்க எலும்பும் தோலுமா இருக்க நான் ஒருத்தன் போதும்." அவள் சிரிக்கவில்லை. அவன் என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னான். "சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க இபு. சடங்கு முடிஞ்சா சரியாயிடுவா."

நானும் பொறுத்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

புதன்கிழமை.

பதினோரு மணிக்கு ஜாலு ஈயக் கம்பி வாங்க டவுனுக்குப் போனான். நான் குழம்பை அடுப்பில் ஏற்றினேன். ஒரு தட்டில் சோறும் வறுத்த சோயாத் தெம்பேயும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். இன்று ஊட்டிவிட்டாவது வருவது என்று முடிவு செய்திருந்தேன். மணி 11.34.

வெளியே கண் கூசும் வெயில். துணியை விலக்கி உள்ளே காலை வைத்தால் இருட்டு, நீல விளக்கு, விசிறிக் காற்று. குளிர்ந்த காற்று. அந்த விசிறிகளால் அவ்வளவு குளிராக வீச முடியாது.

பலுபி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. நெஞ்சில் பெல்ட்.

"கெண்டுக், சாப்பிடு" என்றேன். பெண் பிள்ளையை நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம்.

தட்டை அவள் முன்னால் நீட்டினேன்.

முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். கண் அசையவில்லை. சரி, மூச்சு வருகிறதா என்று நெஞ்சைப் பார்த்தேன். வந்தது. நாலு சின்னது. ஒரு பெரியது. அப்பாடா என்று நினைத்தேன். அப்போதுதான் கவனித்தேன்.

இழைகள் முதலில் எழும்பின.

அரை நொடி கழித்து... அவள் நெஞ்சு எழும்பியது.

மறுபடி பார்த்தேன். சுவர் முதலில். மகள் பிறகு. சுவர் ஓய்ந்தது. அதற்குப் பிறகு மகள் ஓய்ந்தாள்.

சுவர் அவளைப் பார்த்து மூச்சு விடவில்லை. அவள்தான் சுவரைப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தாள்.

தட்டு கீழே விழுந்தது. அவளைப் பிடித்து உலுக்கினேன். உடம்பு சில்லென்று இருந்தது. பெல்ட்டின் கொக்கியில் கை வைத்தேன். அப்போது அவள் உதடு மட்டும் அசைந்தது.

"கழட்டாதீங்க..."

குரல் அவள் குரலாகவே இல்லை. தொண்டை வறண்டு, காற்றாக வந்தது.

11.42. மசூதியில் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு ஆரம்பித்தது. நான் கத்தினேன். பாங்கு ஒலிபெருக்கியில் என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

சுவரின் மூச்சு மாறியது. நாலு சின்னது மூன்றாகியது. மூன்று இரண்டாகியது. நடுவில் இடைவெளி நீண்டது. எனக்கு அந்த மூச்சு தெரியும். மூன்று படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அது எங்கே போய் முடியும் என்றும் தெரியும்.

மூலைக்கு ஓடினேன். விசிறிகளுக்கு மட்டும் தனி ப்ளக். பிடுங்கினேன்.

விசிறிகள் நின்றன.

அவள் நெஞ்சும் நின்றது.

ஒன்று... இரண்டு... மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். எட்டு வரை எண்ணினேன். எழும்பவில்லை. உதடு நீல விளக்கில் கறுப்பாகத் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

ப்ளக்கைத் திரும்பச் சொருகினேன்.

என் கையால். அந்தச் சுவரே என் மகளுக்கு மூச்சுக் கொடுக்கட்டும் என்று.

விசிறிகள் சுற்றின. அவள் நெஞ்சு எழும்பியது. ஆனால் இடைவெளி இன்னும் நீண்டிருந்தது.

அவர்தான் இழுத்துக்கொண்டு கிடக்கிறார், போகும்போது இவளையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆயிரம் நாள் நான் சொல்லாமல் வைத்திருந்த சொல். அதைச் சொல்லிவிட்டால் அவர் போய்விடுவார், இவள் பிழைத்துவிடுவாள். வேறு எதுவும் என் புத்தியில் ஏறவில்லை.

அவள் பக்கத்தில் மண்டியிட்டேன். சுவரைப் பார்த்தேன். "மாஸ்" என்றேன். "நான் மனசார விட்டுட்டேன். நிம்மதியாப் போ."

இழைகள் எழும்பின. மெதுவாக... மெதுவாகத் தொங்கின.

அப்புறம் எழும்பவில்லை.

போய்விட்டார். பெருமூச்சு விட்டு மகளைப் பார்த்தேன்.

அவள் நெஞ்சும் எழும்பவில்லை.

தலை சாய்ந்திருந்தது. நான் கீழே பார்த்தேன்.

என் இரண்டு கைக்குள்ளும் பலுபியின் கை.

எப்போது பிடித்தேன்... தெரியாது. மண்டியிடும்போதே பிடித்திருக்க வேண்டும். யார் கையைப் பிடித்திருக்கிறோமோ அவருக்குத்தான் அது போய்ச் சேரும்.

நான் விட்டது அவரை இல்லை.

"இல்ல... உனக்குச் சொல்லல. உனக்கு இல்ல."

அசையவில்லை.

"நான் விடல. கேக்குதா? விடல. விடமாட்டேன்."

சுவர் சும்மா இருந்தது.

"வாடி கெண்டுக். இபு இங்கதான் இருக்கேன். திரும்பி வா. எங்க இருந்தாலும் வா. நான் பாத்துக்கிறேன், வா..."

எத்தனை தடவை சொன்னேன், தெரியாது.

பிறகு...

டொக்.

சுவரில் இல்லை.

டொக்.

என் கைக்குள்.

டொக்.

அவள் சுண்டுவிரல் நகம் என் மோதிரத்தில் தட்டியது.

நெஞ்சு எழும்பியது.

விசிறிகள் அரை நொடி கழித்துச் சுற்றின. அவள் முதலில்... சுவர் பிறகு. நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அப்போதுதான் குழம்பு கருகும் வாசனை வந்தது.

ஜாலு வந்து எங்களைக் காரில் ஏற்றினான். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். "பட்டினி, அசதி. வேற ஒண்ணுமில்ல. குரல் மட்டும் ஒரு வாரம் வராது" என்றார். சனிக்கிழமை சடங்குக்கு அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் ஓதி முடித்து, கூம்பு போலக் குவித்த சடங்குச் சோற்றைப் பிரித்துக் கொடுத்தோம். நன்றாகச் சாப்பிட்டாள். நான் அதற்கே கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

சுவரைத் திறக்கவில்லை. மறு வாரம் ஜாலு அதைப் பிரித்துப் போட்டான். பிரிப்பதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்ததைக் காகிதத்தில் எடுத்து வந்து என் முன்னால் வைத்தான்.

"இபு, அவ மூச்சு நின்னது எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஒரு நிமிஷம். அதுக்கு மேல இருக்காது."

அவன் விரலால் காட்டினான். வரிசையாக மூச்சு, மூச்சு, மூச்சு. 11.46.20. அதற்கு அடுத்த மூச்சு 11.53.05.

ஏழு நிமிஷத்துக்குப் பதினைந்து நொடி குறைவு.

"மெஷின் தப்பு" என்றேன்.

"அப்படியே இருக்கட்டும்" என்றான் ஜாலு. காகிதத்தை என் பக்கம் தள்ளினான்.

பலுபிக்குக் குரல் வரவில்லை. ஒரு வாரம் என்றார்கள். மூன்று வாரம் ஆயிற்று. பெரும்பாலும் படுத்திருப்பாள். நான் கடையில் இருக்கும்போது ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலை ஒட்டிய பலகைச் சுவரில் நகத்தால் தட்டுவாள். டொக், டொக், டொக். நான் தண்ணீர் கொண்டுபோவேன். வேறு எதற்கும் தட்ட மாட்டாள். தண்ணீருக்கு மட்டும்தான். பாவம், தொண்டை வறளும் போலிருக்கிறது என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து அவள் அப்படித் தட்டினதே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

மே மாதம் இரண்டாம் வாரம். மத்தியானம் 1.15. கடையில் கூட்டம் குறைந்திருந்தது. ஜாலு வந்து உட்கார்ந்தான். சோறு வேண்டாம் என்றான். பையிலிருந்து ஒரு விசிறியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"கீழ் வரிசையில தட்டிக்கிட்டிருந்தது இதுதான். பாருங்க. இறக்கை எதுவும் உடையல."

அதன் ஓரத்தில் பச்சைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு இருந்தது. சந்தையில் பழைய சாமான் விற்கும் பாக் கிர்மன், எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிய அப்படிப் பொட்டு வைப்பார். ஜாலு அதைக் காட்டி அவரிடம் கேட்டிருக்கிறான்.

"என்ன சொன்னாரு?"

"வடக்கே ஒரு வாடகை ரூம் வீட்டுல எடுத்ததாம். நோய்க் காலத்துல. ஒரு பொண்ணு தங்கியிருந்திருக்கா. இருபத்தேழு வயசு. சுமத்ரா பக்கத்துக்காரி. நோய் வந்ததும் ரூமுக்குள்ளேயே கதவச் சாத்திக்கிட்டா. அவ அம்மா கிளம்பி வந்திருக்காங்க, படகு விடல. துறைமுகத்துலேயே நாலு நாள் உட்காந்திருந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

"அந்தப் பொண்ணு?"

"ஒன்பது நாள் கழிச்சுக் கதவ உடைச்சாங்க. கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சாம். ஃபேன் சுத்திக்கிட்டே இருந்துச்சாம்."

அவன் விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னொண்ணும் சொன்னாரு இபு. அந்தப் பொண்ணுக்குக் குரல் போயிடுச்சாம். தண்ணி வேணும்னா நகத்தால செவுத்துல மூணு தடவ தட்டுவாளாம். பக்கத்து ரூம்காரி வாசல்ல பாட்டில் வெப்பாளாம். அப்புறம் அவளும் ஊருக்குப் போயிட்டா. தட்டினாலும் கேட்க ஆளில்ல."

நான் அன்றைக்குச் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். வாடி கெண்டுக். எங்க இருந்தாலும் வா. நான் பாத்துக்கிறேன், வா. அத்தனை தடவை சொன்னேன். ஒரு தடவைகூட பலுபி என்று சொல்லவில்லை. அந்த இருட்டில், அம்மா வரவேண்டும் என்று காத்துக்கொண்டு, யார் யார் கேட்டுக்கொண்டிருந்தார்களோ.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து...

டொக்... டொக்... டொக்.

ஜாலு என் கையைப் பிடித்தான். "போகாதீங்க, இபு."

"தாகமா இருக்கும்" என்றேன்.

தம்ளரில் தண்ணீர் நிரப்பினேன். கொண்டுபோனேன். நேற்றும் கொண்டுபோனேன். இதை எழுதி முடித்ததும் கொண்டுபோவேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடிக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். என் மகளின் முகம்தான், என் மகளின் பல்தான்.

ஆனால் அந்தப் புதன்கிழமையிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பலமுறை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

கூப்பிட்டு... அவள் திரும்பாவிட்டால்?